லசார் கொடுத்த மரியாதை

என் தம்பி அனிசேயை இந்தக் குதுகு ஊரில் ஒருத்தன் "ஐயா" என்று கூப்பிடுகிறான். "வாங்க ஐயா, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்கிறான். அசலூர்க்காரர்கள் பார்த்தால் நல்ல மனுஷன், மரியாதை தெரிந்தவன் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அந்த ஐயாவைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். நாட்டுக்காகப் பந்தாடியவன் என் தம்பி. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். இன்றைக்கு அவனுக்கு இருக்கும் ஒரே ஏக்கம், இப்படி ஐயா போடுகிற அந்த லசார் போரோ தன்னை ஒரே ஒரு தடவை வாய் நிறையத் திட்டிவிட வேண்டும் என்பதுதான்.

சிரிப்பாக இருக்கிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் மோசிகள். லசார் சாமோ. இரண்டு சனத்துக்கும் நடுவில் கேலிமுறை. யார் ஏற்படுத்தினார்கள், எந்தக் காலத்தில் ஏற்படுத்தினார்கள் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். நான் பிறக்கும்போதே இருந்தது. ஒரு சாமோ என் கடைக்குள் வந்து பானையைத் திறந்து, சோளக்கள்ளைத் தானே மொண்டு குடித்துவிட்டு, "என் அடிமை காய்ச்சினதுக்கு நான் எதுக்குடி காசு குடுக்கணும்?" என்று கேட்பான். நான் அகப்பையைத் தூக்கிக்கொண்டு "நாய்த்தலை தின்னி, வெளிய போடா" என்று விரட்டுவேன். நாயை அடித்துச் சமைத்தால் தலை யாருக்கு என்று சாமோக்கள் குடுமிப்பிடி சண்டை போடுவார்கள் என்பது நாங்கள் கட்டிவிட்டது. மோசிகள் குதிரை இல்லாத குதிரைவீரர்கள் என்பது அவர்கள் கட்டிவிட்டது. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அப்பன் பாட்டனை இழுக்கலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. வந்தாலும் விழுங்கிவிட வேண்டும். இரண்டு மோசிகள் கத்தியும் கம்புமாக நின்றால்கூட, நடுவில் ஒரு சாமோ வந்து குந்திக்கொண்டு கண்டபடி பேசினால் போதும், சிரித்துத் தொலைத்துவிட்டுக் கலைந்து போவார்கள்.

அனிசேயும் லசாரும் ஒரே வயது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் செம்மண் பொட்டலில்தான் இரண்டு பேரும் வளர்ந்தார்கள் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குச் சாப்பிட மட்டும் வருவார்கள். அனிசே அடிப்பான், லசார் தடுப்பான். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் லசார் நின்றுகொண்டு வாயைத் திறந்தான் என்றால் பொட்டல் முழுக்க ஆட்டத்தை விட்டுவிட்டுக் கேட்கும்.

"டேய் அடிமை! பந்தைப் பாருடா. உங்கம்மா களிச் சட்டியைப் பாக்குற மாதிரி ஏன்டா பாக்குற? எங்க தாத்தன் குதிரைக்கு உங்க தாத்தன்தான் புல்லு போட்டான். அந்தக் குதிரைகூட உன்னைவிட நல்லா உதைக்கும்டா!"

அனிசே சிரித்துக்கொண்டே ஓடிவந்து அடிப்பான். சிரித்துக்கொண்டே அடிக்கிறவன் காலில் ஒரு இறுக்கமும் இருக்காது. பந்து செங்கல்லை ஒட்டி உள்ளே போகும். லசார் புழுதியில் விழுந்து கிடந்தபடியே, "நான்தான்டா விட்டுக்குடுத்தேன், அடிமைக்கு வருஷத்துக்கு ஒரு கோல் தர்றது எங்க வழக்கம்" என்பான்.

பக்கத்து நாட்டு அபிஜானிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் அனிசேயை மட்டும் பொறுக்கி எடுத்தார். லசாரை எடுக்கவில்லை, கை நீளம் போதாது என்றார். தம்பியை ரயிலேற்றிவிடப் போனபோது அம்மா அழுதாள், நான் அழுதேன். லசார் மட்டும் நடைமேடையில் நின்று, "ஐவரி கோஸ்ட்டுக்குக் கொக்கோ பறிக்கப் போறான் மோசி! இன்னொருத்தன் போறான் பாருங்கய்யா! மூட்டை தூக்க முதுகு நல்லாருக்கான்னு பாத்து எடுத்துக்கோங்க!" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி கூவினான். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அனிசே ஜன்னலில் தலையை நீட்டிக் கண்ணீரும் சிரிப்புமாக, "நாய்த்தலையை எனக்கும் கொஞ்சம் எடுத்து வைடா!" என்று கத்தினான். வண்டி போன பிறகுதான் லசார் தண்ணீர்க் குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அபிஜானில் இருந்து பெல்ஜியம், அங்கிருந்து பிரான்ஸ். லசார் சந்தைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கொட்டகை போட்டான். ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் போன் போகும். பெரிய மைதானத்தில் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்துகொண்டு என் தம்பி அந்தத் திட்டை வாங்கிக்கொள்வானாம். "காதுல எண்ணெய் விட்ட மாதிரி இருக்கும்க்கா" என்று அவனே சொல்லியிருக்கிறான். நாட்டு அணிக்கு முதல் கோல் அடித்த அன்றைக்கு லசார் எங்கள் கள்ளுக்கடைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"ஏ கிழவி, என் அடிமை கோல் அடிச்சிருக்கான். அடிமை சம்பாதிச்சது யாருக்கு? எசமானுக்கு. ஊத்து!"

அம்மா பெரிய சுரைக்குடுவையாகப் பார்த்து எடுத்தாள். "இந்தா குடி, குடிச்சுட்டு உன் பொண்டாட்டி முகத்துல முழி. ஆளைப் பாத்தா நாய்கூட வால் ஆட்டும், உன்னைப் பாத்தா அவ அதுகூடப் பண்ண மாட்டா." கடை குலுங்கியது. என் அம்மாவுக்குப் பெற்ற பிள்ளை தூரத்தில், வாய்த்த பிள்ளை பக்கத்தில். அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்போது கெட்டது என்று கேட்டால் என்னால் நாள் சொல்ல முடியாது. அனிசே போன் நம்பரை மாற்றினான், பழைய ஆட்களுக்குப் புது நம்பர் போகவில்லை. விடுமுறைக்கு வந்தான், கூட ஒரு ஏஜென்ட், கழுத்தில் கேமராவோடு ஒரு பத்திரிகைக்காரி. லசார் தெருமுனையிலேயே, "என் அடிமைக்குக் கறுப்புக் கண்ணாடியாம்! ஏன்டா, குதிரைக்குக்கூடக் கண்ணு கட்டுவாங்க, அதுமாதிரியா?" என்று ஆரம்பித்தான். தம்பி சிரித்தான். பல் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை. பத்திரிகைக்காரி என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பழைய ஆளு, கொஞ்சம் வாய்" என்று அவர்கள் மொழியில் சொன்னான். அந்த அளவு பிரெஞ்சு எனக்கும் தெரியும், லசாருக்கும் தெரியும்.

அப்புறம் வந்தது ஆப்பிரிக்கக் கோப்பையின் அரையிறுதி.

கடையில் டிவியை மேசைமேல் ஏற்றி வைத்திருந்தோம். ஊரே உள்ளே இருந்தது. சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசிப் பெனால்டி அனிசேக்கு. அடித்தால் நாங்கள் பிழைத்தோம். அவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்த நடையைப் பார்த்தேன். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. அம்மா ஜெபமாலையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பந்து கம்பத்துக்கு மேலே எங்கேயோ போனது. எங்கே போனது என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

லசார் டிவி முன்னால் குந்தியபடியே இருந்தான். "ஒரே ஒரு வார்த்தை நான் திட்டியிருந்தா அடிச்சிருப்பான்க்கா" என்றான். அவன் போன் போட்டுப் பார்த்திருக்கிறான். பழைய நம்பருக்கு.

தோற்றால் துக்கம் இருக்கும், அது நியாயம். ஆனால் இந்தப் பாழாய்ப்போன ஊரில் யாரோ ஒருத்தன் கிளப்பிவிட்டான், அனிசே காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே வெளியே அடித்தான் என்று. தீ மாதிரி பரவியது. அவன் அம்மாவைப் பார்க்க வருகிறான் என்று தெரிந்ததும் எங்கள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கையில் கல். போன கோப்பையில் அவன் படத்தை மோட்டார் சைக்கிளில் ஒட்டிக்கொண்டு திரிந்த அதே பயல்கள். அம்மா அகப்பையோடு வாசலை மறித்து நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்று அத்தனை பேர் அப்பனையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். யார் கேட்டார்கள்?

கார் வந்தது. ஒரு கல் பறந்து கண்ணாடியில் பட்டுச் சிலந்திவலையாக விரிசல் விட்டது. அனிசே இறங்கினான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் லசார் வந்தான். கழுதைமேல் உட்கார்ந்து வந்தான். நாட்டு அணியின் பச்சைச் சட்டையைப் பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டிருந்தான். தலையில் கிரீடம் மாதிரி களி கிண்டும் அலுமினியச் சட்டி.

"வழி விடுங்கடா, வழி விடுங்க! கோப்பை வருது! என் அடிமையைக் கோப்பை எடுத்துட்டு வாடான்னு அனுப்பினேன். வெறுங்கையோட வந்திருக்கான். மோசியை நம்பினா இப்படித்தான். நானே என் பொண்டாட்டி சட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்!"

பின்னால் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். இன்னொருத்தன் சிரித்தான். கழுதை வேறு நடுத்தெருவில் நின்று கத்தியது. கல் வைத்திருந்த கைகள் தளர்வதை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது, அவன் என்ன செய்கிறான் என்று. சாமோ கேலி ஆரம்பித்துவிட்டால் அங்கே வேறு யாருக்கும் கை ஓங்க உரிமை இல்லை. ஊர் கல்லைத் தன் வாயால் தடுக்க வந்திருந்தான். செங்கல்லுக்கு நடுவில் நின்ற அதே கோல்கீப்பர்தான்.

லசார் இறங்கி வந்து அனிசேயின் காலடியில் மண்டி போட்டான். அவன் வலது காலைத் தூக்கித் தொடையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான். "இந்தக் காலை என்ன விலைக்குக் கேக்குறீங்க? சூப்புக்குக்கூட ஆகாதுடா இது! நாய்க்குப் போட்டாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும். நாங்க சாமோ, நாயைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பி ஒரு வார்த்தை பதிலுக்குச் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது, எல்லோரும் உள்ளே வந்து கள் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அனிசே அவனை அறைந்தான்.

சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். சட்டி தலையிலிருந்து விழுந்து புழுதியில் உருண்டது. சிரிப்பு நின்றது. ஒரு மோசி சாமோவைக் கோபத்தில் கை நீட்டி அடித்து நான் பார்த்ததில்லை, என் அம்மா பார்த்ததில்லை, அங்கே நின்ற ஒருத்தரும் பார்த்ததில்லை. "ஐயோ, பாவி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அனிசேக்கும் அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. அவன் கையைப் பார்த்தான், ஏதோ அடுத்தவன் கை மாதிரி.

லசார் எழுந்தான். சட்டியை எடுத்து மண்ணைத் தட்டினான். கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

"தப்பு என்னுதுதாங்க. மன்னிச்சிடுங்க ஐயா" என்றான்.

கழுதையை இழுத்துக்கொண்டு நடந்தே போனான். கூட்டமும் கல்லைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் ஒரு கல்கூட எறியவில்லை. எறிந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அதன் பிறகு அனிசேயின் முழங்கால் போனது. கிளப் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. நாட்டு அணியிலிருந்து அழைப்பு வரவில்லை. கீழ்மட்டக் கிளப் ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்து தேய்ந்தான். பிரான்சில், லில் நகரத்தில் இருந்த மனைவி பிள்ளையோடு தனியே போய்விட்டாள். கேலிமுறையை மிதித்தவன் உருப்பட மாட்டான் என்று ஊரில் பேசினார்கள். எனக்கு அதெல்லாம் நம்பிக்கை இல்லை. முழங்கால் யாருக்குத்தான் போகவில்லை? ஆனால் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. அதுதான் அவனைத் தின்றது.

ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வந்தவன் முதலில் போனது லசாரின் கொட்டகைக்கு. நானும் கூடப் போனேன். லசார் ஒரு வண்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தான். எழுந்து நின்று எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"வாங்க ஐயா. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"டேய் லசார், நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்டா."

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க? நான் அன்னிக்கே மன்னிச்சாச்சு."

"அப்ப திட்டுடா."

"உங்களைப் போய் நான் ஏங்க திட்டணும்?" என்று சிரித்தான் லசார். நல்ல சிரிப்பு, பாதிரியாரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "வண்டி ஏதாச்சும் பாக்கணுமாங்க?"

அனிசே சேவல் கொண்டுபோனான், ஆடு கொண்டுபோனான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான் லசார். பாதிரியார் போய்ப் பேசினார். எங்கள் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மோசிக்குள் சண்டை என்றால் சாமோவைத் தூது அனுப்பலாம், சண்டையே சாமோவோடு என்றால் யாரை அனுப்புவது என்று அவர்களுக்கே தெரியவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு கலைந்துபோனார்கள். கடைசியில் சாமோ பெரியவர்களே லசாரைக் கூப்பிட்டு, "போதும்டா, அவனை நாலு வார்த்தை திட்டிட்டு முடி" என்று சொன்னார்கள். "சரிங்க" என்று வந்தான். அனிசே வாசலில் காத்திருந்தான். "நல்லா இருக்கீங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தனியாகப் போனேன்.

"வாடி என் அடிமைப் பொண்ணே! என்ன, புளிச்ச கள்ளை யாரும் வாங்கலைன்னு என் தலைல கட்ட வந்தியா?" என்றான் என்னைப் பார்த்ததும். என்னிடம் அவன் கேலிக்கு ஒரு குறையும் இல்லை.

"நாய்த்தின்னி, வாயை மூடு. எத்தனை நாளுக்குடா அவனை இப்படி வதைப்ப? அவனே செத்துக்கிட்டிருக்கான். பழி வாங்குறியா?"

லசாரின் முகம் மாறியது. ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"பழியா? அக்கா, சத்தியமா இல்லக்கா. நான் வேணும்னு பண்ணல. அவரு வர்றப்பல்லாம் இன்னிக்குத் திட்டிடணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் எழுந்திரிக்கிறேன். கேலின்னா தானா வரணும்ல? அவரைப் பாத்தா இங்க இருந்து எதுவும் வரமாட்டேங்குது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "பெரிய மனுஷன் ஒருத்தர் வந்து நிக்கிற மாதிரி இருக்கு. பயமா இருக்கு. வெறும் மரியாதைதான் வருது. நான் என்னக்கா பண்ணட்டும்?"

இதை நான் தம்பியிடம் சொல்லவில்லை. பழி என்றால் ஒருநாள் தீரும் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா படுத்த படுக்கையானாள். அவளுக்கு நோவைவிட இந்த ஒரு கவலைதான் பெரிசு. ஒருநாள் அனிசேயைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதடா. நான் ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன். சாவு வீட்டுல சாமோ யாரையும் விட்டுவைக்க முடியாது. செத்தவ பெத்த பிள்ளைகளைத் திட்டாம போனா அது சாவே இல்ல. நான் செத்தா அவன் வந்துதான் ஆகணும், உன்னைத் திட்டித்தான் ஆகணும். உனக்காகத்தான் சாகறேன்னு வச்சுக்கயேன்."

"அம்மா, என்ன பேச்சு இது!"

"நல்ல பேச்சுதான். சாமோ வழக்கப்படி பெட்டியை இறக்க விடாம அவன் குழிக்குள்ள இறங்கிப் படுத்துக்குவான். நீ லேசுல விடாத. நல்லா கெஞ்சு, நல்லா திட்டு. பொழுது சாயறவரை இழுத்தடிங்க ரெண்டு பேரும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மழைக்கு முந்தின வெயில் காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

லசார் வந்தான். குதுகுவில் இருக்கிற சாமோக்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தான். அம்மாவின் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அவள் அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து அவள் நடந்த மாதிரியே பெட்டிக்கு முன்னால் நடந்தான். "யார்டா அது காசு குடுக்காம குடிச்சது? பீட்டர் பாதிரியாரா? சாமியார்னா ஓசியா?" என்று அம்மா குரலிலேயே கேட்டான். பாதிரியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்து, "ஏ மூதேவி, இனிமே கள்ளுல தண்ணி ஊத்துறதை யார் கண்டுபிடிப்பாங்கன்னு சந்தோஷமா?" என்றான். நான் அழுதேன், சிரித்தேன், அவன் முதுகில் ரெண்டு வைத்தேன். சித்தப்பாவைத் திட்டினான், சித்தி மக்களைத் திட்டினான். ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு அனிசே முன்னால் வந்தான். அகப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"அம்மா ஆத்மா சாந்தி அடையட்டுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனான்.

அனிசே என்னைப் பார்த்தான். "குழி இருக்குடா, குழிக்கிட்ட வரட்டும்" என்றேன் அவன் காதில். எனக்கும் அந்த நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கி வைத்ததும் லசார் எட்டிக் குதித்துக் குழிக்குள் மல்லாந்து படுத்துவிட்டான். அவனோடு இன்னும் இரண்டு சாமோக்கள். "எங்க அடிமை சாகல! தூங்குறா! எங்களைக் கேக்காம யாரும் புதைக்க முடியாது! சேவல் எங்க? கள் எங்க?" என்று உள்ளிருந்து ஒரே கூச்சல். சித்தப்பா சேவல் காட்டினார், நோஞ்சான் என்று விரட்டினார்கள். நான் கள் ஊற்றினேன், புளிப்பு போதாது என்றார்கள். கூட்டம் குழியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு சிரித்தது. இதுதான் வேண்டும், இது இப்படியே போக வேண்டும், பொழுது சாயட்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அனிசே முன்னால் வந்தான். குழி விளிம்பில் நின்றான்.

"டேய்!" என்றான். குரல் உடைந்தது. மறுபடியும், "டேய், நாய்த்தலை தின்னி! எழுந்திரிடா! அது எங்கம்மா படுக்கை. உன்னை மாதிரி பயலுக்கு அங்க என்னடா வேலை? எழுந்திரிக்கிறியா, இல்ல நானும் இறங்கி வந்து உதைக்கட்டுமா?"

மற்ற இரண்டு சாமோக்களும் லசாரைப் பார்த்தார்கள். சொல்லுடா, பதில் சொல்லுடா என்று அவர்கள் முகமே கெஞ்சியது. லசார் மண்ணில் படுத்தபடியே மேலே பார்த்தான். அவன் வாய் திறந்தது. நான் என் துணி நுனியைக் கடித்துக்கொண்டேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான். குழியை விட்டு ஏறி வெளியே வந்தான்.

"மன்னிக்கணும் ஐயா. அம்மாவை இறக்குங்க" என்றான்.

அவன் ஏறிய பிறகு மற்ற இருவரும் உள்ளே கிடந்து என்ன செய்வார்கள்? அவர்களும் ஏறிவிட்டார்கள். ஊரில் யாரும் கண்டிராத வேகத்தில் என் அம்மா மண்ணுக்குள் போனாள். கெஞ்ச ஆளில்லை, மறிக்க ஆளில்லை. பாதிரியார் ஜெபத்தை முடித்துவிட்டு நேரத்தைப் பார்த்தார். வெயில் இன்னும் உச்சியில்தான் இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகும் லசார் போகவில்லை. மண்வெட்டியோடு மேட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். அனிசே போய் அவன் கையைப் பிடித்தான். மண்வெட்டி கீழே விழுந்தது.

"ஒரே ஒரு வார்த்தைடா. கெட்ட வார்த்தை வேணாம். அடிமைன்னு மட்டும் சொல்லு. எங்கம்மாவுக்காக."

லசார் கையை உதறவில்லை. அவன் முகம் கோணியது. "என்..." என்றான். நின்றான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறுபடியும், "என்..." என்றான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பாரம் தூக்குகிறவன் மாதிரி உடம்பெல்லாம் நடுங்கியது.

"வரலைங்க ஐயா" என்றான் லசார். "சத்தியமா வரலைங்க."